‘சொந்த விருப்பத்தின் பேரில்’ டி.சி.: கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி:

எங்கள் மகனுக்கு ஆறு வயது நான்கு மாதம். மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். பேச்சு இரண்டு மூன்று வார்த்தைகளாகத்தான் வரும். எழுத்துகள் எல்லாம் தெரியும், தெருவில் போகிற வண்டி நம்பர்களை மனப்பாடமாகச் சொல்வான். கும்பகோணத்தில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் எல்.கே.ஜி.யிலிருந்து படிக்கிறான், இப்போது ஒன்றாம் வகுப்பு. வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறான், சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறான் என்று தினமும் புகார். போன வாரம் கூப்பிட்டு, “உங்கள் செலவில் ஒரு ஆள் வைத்துக் கூடவே அனுப்புங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொன்னார்கள். ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டு எடுத்துவரவும் சொன்னார்கள். ‘எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் மாற்றுச் சான்றிதழ் கேட்கிறோம்’ என்று அதில் இருக்கிறது. கணவர் பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறார். ஆள் வைக்கிற வசதி எங்களுக்கு இல்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கலாம் என்றால் மாமியார், “பிள்ளைக்கு நீயே முத்திரை குத்தாதே, நாளைக்கு இவன் தங்கச்சிக்கு வரன் பார்க்க வேண்டாமா?” என்கிறார். சட்டமெல்லாம் இருக்கிறது என்கிறார்கள். என்ன சட்டம், யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு தாய், கும்பகோணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். அந்தத் தாளில் நீங்களும் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் கணவரும் போட வேண்டாம். இதைப் படிக்கும்போது ஏற்கெனவே போட்டுக் கொடுத்திருந்தால், இன்றைக்கே ‘அதைத் திரும்பப் பெறுகிறோம்’ என்று ஒரு கடிதம் எழுதிப் பள்ளியில் கொடுத்து, நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 16-வது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, பள்ளியில் சேர்ந்த எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்பக் கூடாது என்கிறது. பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் ‘வெளியேற்றுகிறோம்’ என்று அவர்கள் எழுத மாட்டார்கள். ‘விருப்பப்பட்டுப் போகிறோம்’ என்று உங்களை எழுத வைப்பார்கள். நீங்களாகக் கேட்டு வாங்கிய டி.சி.யை எந்தச் சட்டமும் வெளியேற்றம் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு அப்பா என்னைத் தேடி வந்தார். இதே கதை, வேறு ஊர். மகளுக்காக எங்கே மனு கொடுத்தாலும் பள்ளிக்காரர்கள் அவர் கையெழுத்திட்ட அந்த ஒரு தாளைத்தான் எடுத்து நீட்டினார்கள். “அன்னிக்குப் பிரின்ஸிபால் ரொம்பத் தன்மையாப் பேசினாங்க மேடம், மரியாதைக்காகப் போட்டேன்” என்றார். அவர் போட்ட அந்த மரியாதைக் கையெழுத்துக்கு நான் எழுதிக்கொடுத்த நான்கு பக்கக் கடிதத்தால் பதில் சொல்ல முடியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் சிறப்புக் கல்வியாளராக வேலை பார்க்கிறேன். சட்டம் தெரியாமல் தோற்ற பெற்றோரைவிட, எல்லாவற்றையும் வாய்ப்பேச்சாகவே பேசித் தோற்ற பெற்றோரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இனிமேல் பள்ளி எதைச் சொன்னாலும், “சரிங்க, அதை எழுத்துல கொடுத்துடுங்க, வீட்டுல பேசிட்டுச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

உங்களுக்கு இன்னும் பலமான சட்டம் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. இதற்கு முன்பிருந்த 1995-ஆம் வருடச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, ஆட்டிசம் என்ற பேச்சே கிடையாது. இப்போது 21 வகைகள். ஆட்டிசமும், எழுதப் படிக்கத் தடுமாறும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அரசு நிதி வாங்கும் பள்ளிகளுக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் இது பொருந்தும். தனியார் மெட்ரிக் பள்ளி அங்கீகாரம் இல்லாமல் நடக்க முடியாது என்பதால் உங்கள் மகன் பள்ளியும் இதில் அடக்கம். பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், மற்றப் பிள்ளைகளோடு படிக்க வைக்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு என்ன மாற்றம் தேவையோ அதைச் செய்து தர வேண்டும் என்று இந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு பள்ளியின் கடமைகளைச் சொல்கிறது.

மாற்றம் என்றதும் பெரிதாக ஏதோ கட்டித் தர வேண்டும் என்று பள்ளிகள் பயந்துவிடுகின்றன. உங்கள் பையனுக்கு வேண்டியது என்னவாக இருக்கும்? மணி அடிக்கும் இடத்திலிருந்தும் வாசலிலிருந்தும் தள்ளி ஒரு இடம். சத்தம் தாங்காதபோது காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்போன், அதை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் பாட்டிலை நிரப்பிவரும் ஒரு வேலை. அடுத்து என்ன வகுப்பு, எப்போது சாப்பாடு, எப்போது வீடு என்று படம் ஒட்டிய ஓர் அட்டை. ஓடுகிற பிள்ளைகளில் நிறையப் பேர் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பதற்றத்தில்தான் ஓடுகிறார்கள்.

கூடவே ஓர் ஆள் வைக்கும் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பள்ளியால் தாங்கவே முடியாத சுமையைச் சட்டம் அதன்மேல் ஏற்றுவதில்லை. அதனால் நாள் முழுக்கத் தனி ஆசிரியர் ஒருவரைப் பள்ளியே வைத்தாக வேண்டும் என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘ஆள் வைத்தால்தான் பிள்ளை உள்ளே வரலாம்’ என்று நிபந்தனை போட்டு, அந்தச் செலவையும் உங்கள் தலையில் கட்டுவதற்கு எந்தச் சட்டமும் பள்ளிக்கு அனுமதி தரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பேச்சுவார்த்தை நடக்க வேண்டும்.

இனி மாமியார் கேட்ட கேள்வி. அவர் மேல் கோபப்படாதீர்கள், பேத்தியை நினைத்துத்தான் சொல்கிறார். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சான்றிதழ் உங்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கப்போகிறது. எங்கே காட்ட வேண்டும், எங்கே காட்டக் கூடாது என்பது உங்கள் முடிவு. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் அண்ணனைப் பார்ப்பார்கள், அவன் அடையாள அட்டையைக் கேட்கப் போவதில்லை. ஆனால் பள்ளி, தேர்வு, காப்பீடு, உதவித்தொகை என்று எந்தக் கவுன்டருக்குப் போனாலும் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். மகன் பதினெட்டைத் தாண்டிய பிறகு முதன்முதலாகச் சான்றிதழுக்கு அலைகிற குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். சின்ன வயது மருத்துவக் காகிதங்கள் எல்லாம் தொலைந்துபோய், எதிலிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியாமல் நிற்பார்கள்.

வாங்குகிற வழி இதுதான். மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில், சான்றிதழுக்கும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் போட்டுக் கொடுப்பார்கள். ஆதார், புகைப்படம், இதுவரையான மருத்துவக் காகிதங்கள் போதும். அப்புறம் அரசு மருத்துவமனையில் மதிப்பீடு. அங்கே ஆட்டிசத்துக்கென்று நம் நாட்டிலேயே உருவாக்கிய ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். அதில் 40 அம்சங்கள் உண்டு. சான்றிதழ் சம்பந்தமாக நீங்கள் அடிக்கடி கேள்விப்படப்போகும் 40 சதவீதம் வேறு. அரசின் பல சலுகைகளுக்குக் குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்பது விதி. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு என்றுதான் தருவார்கள், பிறகு மறுபடியும் காட்ட வேண்டியிருக்கும். காலாவதி தேதியைப் பார்த்து காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஒருவேளை 40-க்குக் கீழே வந்தால்? பயப்பட வேண்டாம். பள்ளியின் கடமைகளைச் சொல்லும் 16-வது பிரிவில் சதவீதக் கணக்கே இல்லை. 2021-ல் விகாஷ் குமார் என்பவர் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவருக்கு எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பிரச்சினை. 40 சதவீதம் இல்லாததால் தேர்வில் சொல்வதை எழுதும் உதவியாளர் கிடையாது என்று மறுத்திருந்தார்கள். அந்த வசதிக்கு 40 சதவீதத்தை எல்லையாக வைக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

சான்றிதழுக்குப் போகிற நாளுக்கு ஒரு சின்ன யோசனை. நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் முன்னால் பிள்ளை சமர்த்தாக இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் பாடம் நடத்திக் கூட்டிப் போவார்கள். “பேர் கேட்டாச் சொல்லணும், உட்காரணும்” என்று உருப்போட வைப்பார்கள். அங்கே போய், “எல்லாம் செய்வான் சார், கொஞ்சம் துறுதுறுன்னு இருப்பான், அவ்வளவுதான்” என்று அம்மாவே சொல்லுவார். அப்புறம் சதவீதம் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுவார்கள். உங்கள் மகன் வீட்டில் எப்படி இருக்கிறானோ அப்படியே விடுங்கள். அவனுக்குக் கஷ்டமான விஷயங்களை முதல்நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், தனியாகச் சாப்பிடுகிறானா, கழிவறைக்குப் போகச் சொல்லத் தெரியுமா, ரோட்டில் கையை உதறிவிட்டு ஓடுகிறானா. கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பள்ளிக்குக் கொடுக்கச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டாக்டரின் பழைய சீட்டு நகலோடு இப்படி ஒன்றை எழுதிக் கொடுங்கள்:

“எங்கள் மகன் தங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்துள்ளார். சொந்தச் செலவில் உதவியாளர் வைக்க வேண்டும் அல்லது மாற்றுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று … தேதியன்று எங்களிடம் வாய்மொழியாகக் கூறப்பட்டது. மாற்றுச் சான்றிதழ் பெற எங்களுக்கு விருப்பமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 16-இன்படி அவனுக்குக் கீழ்க்கண்ட வசதிகளைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இது குறித்துப் பேச, வகுப்பு ஆசிரியருடன் ஒரு நாளும் நேரமும் ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.”

அதற்குக் கீழே நான் மேலே சொன்ன மாதிரி நாலைந்து சின்ன வசதிகளை எழுதுங்கள். நேரில் வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சண்டைக்கு வருகிற பெற்றோர், சேர்ந்து வேலை செய்ய வருகிற பெற்றோர், இரண்டு பேரையும் வகுப்பு ஆசிரியர் ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஐம்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கிற அவர் மேல் எனக்கும் இரக்கம் உண்டு.

பதில் வராவிட்டாலோ மறுபடியும் டி.சி. பேச்சை எடுத்தாலோ அந்த நகலோடு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு. சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அவருக்குத் தபாலிலேயே எழுதலாம். சம்பந்தப்பட்டவர்களை அழைத்து விசாரிக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. கடிதம் எழுத, வக்கீலிடம் யோசனை கேட்கப் பணம் வேண்டுமே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு சட்டம் இருக்கிறது. கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள்.

உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். 2016 சட்டத்தை மீறினால் முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான். அதைப் பார்த்து எந்தப் பள்ளியும் நடுங்காது. கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள், அங்கீகாரம் புதுப்பிக்க அதே அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். இன்னொன்று, சிறுபான்மை நிறுவனம் நடத்தும் பள்ளி என்றால் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட பள்ளியானால் 2016 சட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு செய்து அதே பள்ளியில் வைத்திருக்கத்தான் வேண்டுமா? இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். வெளியே தள்ளப்படாமல் இருப்பது உங்கள் உரிமை. அங்கேயே தொடர வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. வேண்டாவெறுப்பாக ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கும் பள்ளியில் பிள்ளை படிப்பைவிடப் பயத்தைத்தான் கற்றுக்கொள்வான். கடிதத்துக்குப் பிறகு ஓரிரு மாதம் பாருங்கள். வகுப்பு ஆசிரியரின் முகம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், பிரின்ஸிபாலின் முகத்தை விடுங்கள். மாறவில்லை என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நம்மில் பலர் இதைத் தோல்வி மாதிரி நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருப்பார்கள், வீட்டுப்பாடச் சுமை இல்லை, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து வருவார். அவர் தினமும் வர மாட்டார், பல பள்ளிகளுக்கும் அவர் ஒருவர்தான். தொடக்க நிலையில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்புப் பயிற்றுநர் என்பது விதி. நடைமுறையில் இன்னும் அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. ஆனாலும் அவர் எழுதித் தரும் பயிற்சித் திட்டத்தை வகுப்பு ஆசிரியர் கடைப்பிடிக்கிற பள்ளிகள் இருக்கின்றன. சேர்க்கும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “இதுக்கு முன்னாடி இந்த மாதிரி பசங்க இங்க படிச்சிருக்காங்களா?” அவர் பதில் சொல்கிற விதத்திலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

சிறப்புப் பள்ளி வேண்டும் என்றால் அதுவும் உங்கள் தேர்வுதான். 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை என்று அதே சட்டத்தின் 31-வது பிரிவு சொல்கிறது. இதை வைத்து இப்போதைய தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்டாமல் இருந்துவிடலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், அது அப்படி நடக்காது. எழுத்து தெரிந்த, நம்பர் பிடிக்கிற பிள்ளை என்கிறீர்கள். நானாக இருந்தால் முதலில் சாதாரணப் பள்ளியில்தான் முயற்சி செய்வேன்.

பயிற்சிகளுக்குத் தனியார் சென்டரில் மணிக்கணக்கில் பணம் கொடுத்துக்கொண்டிருந்தால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனையில் ‘டி.இ.ஐ.சி.’ எங்கே என்று கேளுங்கள். தமிழ்ப் பெயர் நீளமாக ஒன்று உண்டு, ஆனால் இப்படிச் சொன்னால்தான் வழி காட்டுவார்கள். பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிப் பிரச்சினைகளுக்காகவே நடக்கும் மாவட்ட மையம் அது. ஸ்பீச் தெரபி, அன்றாட வேலைகளைப் பழக்கும் ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) எல்லாம் இலவசம். கும்பகோணத்திலிருந்து போய் வர அரை நாள் ஆகிவிடும். அதனால் அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கவனித்து வந்து வீட்டில் செய்வதுதான் நடக்கக் கூடியது. விரிவாக ஒருமுறை பரிசோதித்துத் திட்டம் போட்டு வாங்க வேண்டுமென்றால், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-லேயே சொல்லிவிட்டது.

அட்டை கைக்கு வந்ததும் இரண்டு வேலை. ஒன்று, கலெக்டர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் ஒரு மனு. சான்றிதழில் என்ன வகை, எத்தனை சதவீதம் என்பதைப் பார்த்து, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று சொல்வார்கள். இரண்டாவது, நிராமயா காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. கட்டணம் சில நூறு ரூபாய்தான். சேர்வதற்கு மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபிச் செலவில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும். பில்லை மட்டும் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்றெல்லாம் இருக்கிறது. அதற்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு மேல் அவனுக்குச் சட்டப்படி பாதுகாவலர் தேவைப்பட்டால், அதே தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு இருக்கிறது. அதுவரை பெற்றோர் நீங்கள்தான் பாதுகாவலர், யாரிடமும் போய் எழுதி வாங்க வேண்டியதில்லை. இப்போதைக்கு ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்கி, மூன்றரை வயதில் டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த முதல் சீட்டை முதல் பக்கத்தில் வையுங்கள். பள்ளி கொடுத்த, கையெழுத்துப் போடாத அந்தத் தாளையும் கிழித்துவிடாமல் அதிலேயே வையுங்கள். நாளைக்குக் கல்வி அலுவலரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.